பழைய பாகங்கள்

ஹார்ட்ஃபோர்டில் நான் இருந்த ஐந்து வருடமும் வேலைக்குப் போகிற வழியில் ஒரு நீலக் கும்மட்டம் தெரியும். ஐ-91 நெடுஞ்சாலையில் தெற்கிலிருந்து ஊருக்குள் நுழையும்போது இடதுபக்கம், நீளமான செங்கல் கட்டிடத்தின் தலையில், வெங்காய வடிவத்தில், தங்க நட்சத்திரங்கள் பதித்து, உச்சியில் பின்னங்காலில் எழும்பி நிற்கும் ஒரு குதிரைக்குட்டியோடு. முதல் நாள் ஏதோ ரஷ்யத் தேவாலயம் என்று நினைத்தேன். கூட வந்தவர் சிரித்தார். அது சாமுவேல் கோல்ட்டின் துப்பாக்கித் தொழிற்சாலை.

கோல்ட் என்றால் குதிரைக்குட்டி. தமிழில் துப்பாக்கியின் பின்புறம் கட்டைவிரலால் இழுக்கிற உறுப்புக்குக் குதிரை என்று பெயர். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஆனாலும் அந்தப் பொருத்தம் எனக்குப் பிடித்துப் போனது. இந்தக் கட்டுரையில் இனி குதிரை என்று வருவதெல்லாம் அந்த உறுப்புதான்.

ஹார்ட்ஃபோர்ட் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் ஊர். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் எங்களைப் போல இத்தனை பேர் அங்கே போய்ச் சேர்வது அதனால்தான். 2017இல் நான் போனபோது எனக்குக் கிடைத்தது மெயின்ஃப்ரேம் வேலை. நான் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட கோபால் நிரல்களைப் புதிய அமைப்புக்கு மாற்ற வேண்டும். அதில் சிலவற்றைத் தன் கையால் எழுதியவரே பக்கத்து மேஜையில் இருந்தார். அறுபதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர், மதியம் தினமும் அதே ஆப்பிள், அதே சாண்ட்விச். வேலையில் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது: "ஒரு வரி ஏன் இருக்குன்னு புரியுற வரைக்கும் அதைத் தொடாதே. தப்பா இருக்கிற மாதிரி தெரிஞ்சாலும் தொடாதே. அந்தத் தப்பை நம்பி இன்னொண்ணு எங்கயாவது ஓடிக்கிட்டிருக்கும்."

அவர் ரிவால்வர் சேகரிப்பவர் என்று தெரிய ஒரு வருடம் ஆனது.

ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டார். நிலவறையில், ஈரம் உறிஞ்சும் எந்திரம் முனகிக்கொண்டிருக்க, ஆளுயர இரும்புப் பெட்டகம். உள்ளே பதினேழு ரிவால்வர்கள். பதினேழும் சிங்கிள் ஆக்‌ஷன். ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் ரூகர் கம்பெனி தயாரிப்பு. அதே கனெக்டிகட் மாநிலத்தில், காரில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் சவுத்போர்ட்டில் 1953க்கும் 1972க்கும் நடுவே செய்யப்பட்டவை. எதையும் என் கையில் தரவில்லை. "நீ விசாவில இருக்கே, சட்டம் கொஞ்சம் சிக்கல்" என்றார். மேஜைமேல் பச்சைத் துணி விரித்து, ஒவ்வொன்றையும் எடுத்து, காலி என்று எனக்குக் காட்டி, தானும் மறுபடி பார்த்து, வைத்தார். அவர் குதிரையை மெல்ல இழுத்தபோது நான்கு சத்தம் கேட்டது. க்ளிக், க்ளிக், க்ளிக், க்ளிக். கோல்ட் பிரியர்கள் அதை அந்தப் பெயரின் நான்கு எழுத்து என்பார்களாம்.

எனக்குத் துப்பாக்கி பிடிக்காது. அந்தச் சத்தம் பிடித்தது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்து என்ன செய்வது என்பதுதான் ஐந்து வருடமாக எனக்கு இருக்கிற பிரச்சினை.

கொஞ்சம் எந்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. சிங்கிள் ஆக்‌ஷனில் விசை ஒரே ஒரு வேலையைத்தான் செய்யும்: குதிரையை விடுவிப்பது. அதற்கு முன் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் குதிரையைப் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். இழுக்கும்போதே உருளை சுழன்று அடுத்த தோட்டா குழலுக்கு நேராக வந்து நிற்கும். டபுள் ஆக்‌ஷனில் விசையை அழுத்தினாலே இழுப்பதும் சுழல்வதும் விடுவதும் ஒரே மூச்சில் நடந்துவிடும். 1873இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மிதான் முதல் வகையின் பேர்போன வடிவம். கௌபாய் படம் பார்த்த எல்லோர் மனதிலும் ரிவால்வர் என்றால் வருவது அதன் உருவம்தான்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கோல்ட் அதைச் செய்வதை நிறுத்திவிட்டது. பழைய சாமான், இனி யார் வாங்கப் போகிறார்கள் என்ற கணக்கு. போர் முடிந்து வீட்டுக்கு வீடு டிவி வந்தது, டிவி முழுக்கக் கௌபாய்கள் வந்தார்கள். 1949இல் தொடங்கிய ரூகர் அந்தச் சந்தையில் புகுந்தது. 1953இல் சிங்கிள் சிக்ஸ், 1955இல் பிளாக்ஹாக். கோல்ட் விழித்துக்கொண்டு 1956இல் பழைய மாதிரியை மறுபடி செய்யத் தொடங்கியபோது ரூகர் ஓடிக்கொண்டிருந்தது.

ரூகர் உள்ளே பட்டைவில்லுக்குப் பதில் சுருள்வில் போட்டு எந்திரத்தை உறுதியாக்கியது. ஆனால் கோல்ட்டின் ஒரு பழைய நோயையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது. குதிரை முழுக்கப் படிந்திருக்கும் நிலையில், அதன் பாரம் ஊசி வழியாக நேரே தோட்டாவின் பின்புறப் பொட்டில் போய் உட்காரும். தீபாவளித் துப்பாக்கியில் சுருள் கேப் மாட்டியவர்களுக்குத் தெரியும், அந்தப் பொட்டுக்கு வேண்டியது ஒரு அடி. ரிவால்வர் கைதவறி விழுந்து குதிரை தரையில் பட்டால் அது போதும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஆறு அறையில் ஐந்தில்தான் தோட்டா போடுவார்கள். குதிரைக்கு நேராக இருப்பதைக் காலியாக விடுவார்கள். எந்திரம் செய்யாத வேலையை மனிதன் ஞாபகமாகச் செய்ய வேண்டும்.

இதற்குத் தீர்வு தெரியாமல் இல்லை. குதிரைக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு சின்ன இரும்புப் பட்டை, விசையை அழுத்தினால் மட்டும் மேலே எழும்பி அடியைக் கடத்தும்படி வைத்தால் முடிந்தது. டிரான்ஸ்ஃபர் பார் என்று பெயர். ஐவர் ஜான்சன் என்ற கம்பெனி பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே தன் மலிவு ரிவால்வர்களில் இப்படி ஒன்றை வைத்து, தோட்டா நிரப்பிய துப்பாக்கியின் குதிரைமேலேயே சுத்தியலால் அடிக்கலாம் என்று விளம்பரம் செய்தது. ரூகர் அதைத் தன் சிங்கிள் ஆக்‌ஷனில் கொண்டுவந்தது 1973இல்.

அதற்கு முன்னால் விற்றவை? 1982இலிருந்து, பழைய மாதிரியை அனுப்பிவைத்தால் இலவசமாகப் புதிய பாகங்கள் பொருத்தித் தருகிறோம் என்று ரூகர் சொல்லிக்கொண்டிருக்கிறது. கட்டாயமில்லை. இஸ்திரிப்பெட்டியில் கோளாறு என்றால் திரும்பப் பெறச் சொல்ல அந்த நாட்டில் அரசு அமைப்பு உண்டு. 1972இல் அதற்கான சட்டத்தை எழுதும்போது துப்பாக்கிகளை மட்டும் வரம்புக்கு வெளியே வைத்துவிட்டார்கள். ஆகவே இது ஒரு வேண்டுகோள்தான். அனுப்பினால், பொருத்திக் கொடுத்துவிட்டு, கழற்றிய பழைய பாகங்களையும் திருப்பித் தந்துவிடுகிறார்கள். வேறு கம்பெனி என்றால் குப்பையில் போட்டிருக்கும். ரூகருக்குத் தன் வாடிக்கையாளர்களைத் தெரியும்.

ஏனென்றால் சேகரிப்பாளர்களிடம் மாற்றப்பட்ட துப்பாக்கிக்கு மதிப்புக் குறைவு. மாற்றப்படாததுதான் ஒசத்தி. மாற்றியிருந்தாலும் பழைய பாகங்கள் கூடவே இருந்தால் நடுத்தரம், மறுபடி பழையபடி ஆக்கிவிடலாம் அல்லவா. மாற்றி, பாகங்களும் தொலைந்துபோனது கடைசி. மென்பொருளில் இருப்பவர்களுக்கு விசித்திரமாக இருக்கும்: பிழைதிருத்தம் போட்டதால் விலை இறங்குகிற ஒரு பொருள்.

அவருடைய பதினேழில் பதினாறு மாற்றப்படாதவை.

அவர் காரணம் சொன்னார், நல்ல காரணம். "பெட்டகத்தில பூட்டி வச்சிருக்கேன். இந்த வீட்டில ஒரு தோட்டா கிடையாது. தோட்டாவே இல்லாதபோது எதுக்குப் பாதுகாப்பு? மாத்தினா ஆபத்து குறையாது, இருந்தது இல்லாம போயிடும். 1957ல ஒரு ஆள் சவுத்போர்ட்ல உக்காந்து எப்படிச் செஞ்சானோ, அப்படியே இருக்கணும்." நான் உடனே ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டது மட்டுமில்லை, எடுத்துக்கொடுத்தேன். எங்கள் ஊர்க் கோயில்களில் பழைய சுவரோவியங்கள்மேல் சுண்ணாம்பு அடித்ததையும், கல்லைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று மணலை வேகமாகப் பீய்ச்சிக் கல்வெட்டு எழுத்துகளை மழுக்கியதையும் சொன்னேன். செய்தவர்கள் எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். பழையதைப் பழையதாக விடத் தெரிவதும் ஒரு ஒழுக்கம்தான் என்றேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த சில மாதங்களில் தன் நண்பர்கள் இரண்டு பேரிடம் அந்த இந்தியக் கோயில் கதையை என் முன்னாலேயே சொன்னார்.

வீட்டில் இதை என் மனைவியிடம் சொன்னபோது அவள் மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "பாம்பைப் பிடிச்சுப் பல்லைப் புடுங்காம வளக்கிறவர்கிட்ட போய், ஆமா சார் பல்லோட இருந்தாதான் பாம்புன்னு சொல்லிட்டு வந்திருக்க."

நான் வாதம் செய்தேன். சுவரோவியம், அசல் தன்மை எல்லாம். அவள் கேட்டது ஒரே கேள்வி. "அவருக்கு அப்புறம் அது யார்கிட்ட போகும்?"

அன்றைக்கு எனக்கு அது பெரிய கேள்வியாகத் தோன்றவில்லை.

இவ்வளவும் சொன்னவன் இதையும் சொல்ல வேண்டும். சிங்கிள் ஆக்‌ஷன் பிரியர்களிடம் ஒரு நீதியுணர்வு உண்டு. தங்கள் கருவி நிதானமானது, ஒவ்வொரு குண்டுக்கும் கட்டைவிரல் ஒரு முறை, ஆள்காட்டி விரல் ஒரு முறை என்று இரண்டு தீர்மானம் கேட்கிறது என்பார்கள். கணினியில் கோப்பை அழிக்கும்போது 'நிச்சயமாகவா?' என்று கேட்கிற மாதிரி. நியூடவுன் ஊர் ஹார்ட்ஃபோர்டிலிருந்து ஒரு மணி நேரம். அங்கே 2012 டிசம்பரில் பள்ளிக்கூடத்தில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். அந்த மாநிலத்தில் யார் துப்பாக்கியைப் பற்றிப் பேசினாலும் அந்தப் பெயர் அறைக்குள் வந்து நின்றுகொள்ளும். "எங்களுடையது அந்த மாதிரி இல்லை" என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் பழைய மாதிரியின் வேடிக்கை என்னவென்றால், மனதறிந்து சுடும்போது இரண்டு தடவை கேட்கிற கருவி, தெரியாமல் கைதவறும்போது ஒரு தடவைகூடக் கேட்பதில்லை. நிதானம் அதன் குணம் என்றால் அந்தக் குணம் பாதிதான்.

2021 ஆகஸ்டில் ஒருநாள் இரவு அவர் போன் செய்தார். அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். லாஸ் ஏஞ்சலிஸில் ஏலம் ஒன்று நடந்திருக்கிறது, போன்ஹாம்ஸ் நடத்தியது. ஒரு கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் அறுபது லட்சம் டாலருக்கு மேல் போயிருக்கிறது. 1881 ஜூலையில் நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் சம்னரில், இருட்டறையில் வைத்து, பில்லி த கிட் என்ற இளைஞனை ஷெரிஃப் பேட் காரெட் சுட்ட துப்பாக்கி. அந்தத் துப்பாக்கியே பில்லியின் கூட்டாளி ஒருவனிடமிருந்து காரெட் பறித்தது. பின்னால் எல் பாசோவில் ஒரு மதுக்கடைக்காரரிடம் காட்சிக்குக் கொடுத்திருந்தார். காரெட் இறந்த பிறகு அவர் மனைவி அபோலினாரியா வழக்குப் போட்டு அதைத் திரும்ப வாங்கினார்.

அவர் குரலில் மகிழ்ச்சி இல்லை. "அதே வருஷம் அதே தொழிற்சாலையில செஞ்ச இன்னொண்ணை, அதே நிலைமையில, நூத்துல ஒரு பங்குக்கும் குறைவா வாங்கலாம். மீதி எல்லாம் அந்தப் பையனோட விலை" என்றார்.

அதற்கு முன் 2018இல் இன்னொரு ஏலம் பேசப்பட்டது. 1847இல் செய்யப்பட்ட வாக்கர் கோல்ட். மொத்தமே சுமார் ஆயிரத்து நூறுதான் செய்தார்கள், ஒவ்வொன்றும் இரண்டு கிலோ கனம். அதில் ஒன்று, டென்மார்க்குக் கப்பல் தலைவர் ஒருவர் வாங்கியது, தன் பழைய மரப்பெட்டியோடு அப்படியே கிடைத்திருக்கிறது. பதினெட்டு லட்சம் டாலருக்கு மேல் போனது. அதற்குக் காரணம் அது எதுவும் செய்யாததுதான். போருக்குப் போன மற்ற வாக்கர்கள் தேய்ந்தும் உருளை வெடித்தும் வீணாக, இது பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் புறநானூற்றின் 95ஆம் பாட்டு ஞாபகம் வந்தது. அதியமானின் தூதாகப் போன ஔவைக்குத் தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்டுகிறான். நெய் பூசி, பீலி சூட்டி, காவலில் இருக்கிற வேல்களைப் பார்த்துவிட்டு, எங்கள் அரசனுடையது எல்லாம் முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. புகழ்வது போலப் பழிக்கிற அந்தத் தந்திரம் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். இன்றைய ஏலக்காரரிடம் அந்தப் பாட்டு செல்லுபடியாகாது. அவர் தொண்டைமானின் வேலையும் வாங்குவார், அதியமானின் வேலையும் வாங்குவார், இரண்டுக்கும் கோடி கொடுப்பார். கன்னி கழியாத ஆயுதத்துக்கு ஒரு விலை, பேர்பெற்ற கொலைக்கு இன்னொரு விலை. விலை இல்லாதது நடுவில் இருப்பது: ஏதோ ஒரு விவசாயி முப்பது வருடம் லாரியில் வைத்துத் தகர டப்பாவைச் சுட்டு, பாம்பைச் சுட்டு, பிடி தேய்ந்து, யாரையும் எதுவும் செய்யாமல் முடிந்துபோன துப்பாக்கி. பெரும்பாலானவை அப்படிப்பட்டவைதான்.

காலம் ஆயுதத்தைக் கழுவிவிடும் என்று நாம் நம்புகிறோம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் அதற்குத் தேதியே குறித்திருக்கிறது. 1898இலோ அதற்கு முன்போ செய்யப்பட்டது 1968ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள். துப்பாக்கி என்ற சொல்லுக்குள்ளேயே வராது. 1899இல் செய்தது துப்பாக்கி. டிசம்பர் 31 ராத்திரிக்கும் ஜனவரி 1 காலைக்கும் நடுவே இரும்பில் என்ன நடந்தது என்று கேட்கக் கூடாது, சட்டத்துக்கு எங்காவது ஒரு கோடு வேண்டும். ஆனால் அந்தக் கோடு நம் மனதிலும் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் போனதும் வாள் கலையாகிவிடுகிறது. நானும் ஹார்ட்ஃபோர்டின் வாட்ஸ்வொர்த் அதீனியத்தில் கோல்ட் குடும்பத்துச் சேகரிப்பை மகனைத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஊரிலேயே, தொழிற்சாலைக்குப் பக்கத்தில், குட் ஷெப்பர்ட் என்று ஒரு தேவாலயம் இருக்கிறது. சாமுவேல் கோல்ட் 1862இல், நாற்பத்தேழு வயதில் இறந்தார்; அவருக்கும் எலிசபெத்துக்கும் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோர் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். அவர்கள் நினைவாக எலிசபெத் கட்டியது. தொழிலாளிகள் நுழைகிற வாசலைச் சுற்றி, கொடியும் பூவும் இருக்க வேண்டிய இடத்தில், ரிவால்வர்களையும் அவற்றின் பாகங்களையும் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சிலுவைக்குப் பக்கத்தில் உருளை. அதைப் பார்த்துவிட்டு ஏளனமாக எழுதியவர்கள் உண்டு. எனக்கு ஏளனம் வரவில்லை. கணவன் என்ன செய்தார் என்பதை மறைக்காத ஒரு விதவையின் நேர்மை அது என்று முதலில் தோன்றியது. மறுமுறை போனபோது, ஒருவேளை அவருக்கு மறைக்க வேண்டும் என்றே தோன்றவில்லையோ என்று பட்டது. இரண்டில் எது என்று எனக்குத் தீரவில்லை.

2022 பிப்ரவரியில் அவர் இறந்துபோனார். தூக்கத்தில். நாங்கள் அந்தக் கோடையில் சென்னை திரும்புவதாக இருந்தோம், பாதிச் சாமான் பெட்டியில் இருந்தது. அவர் மகள் போன் செய்தார். வேறு மாநிலத்தில் பள்ளி ஆசிரியை. "அப்பா உங்களைப் பத்தி நிறைய சொல்லியிருக்கார். கோயில் கதைகூடச் சொன்னார். எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. விக்கறதுக்கு ஒரு லிஸ்ட் போடணும், உதவ முடியுமா?"

போனேன். அதே பச்சைத் துணி. அவர் கருவிகளை எடுத்து எண் படித்தார், நான் ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றினேன். மாடல், வரிசை எண், குழல் நீளம், பெட்டி உண்டா, நிலை. ஒரு பத்திக்குத் தலைப்பு 'மாற்றப்பட்டதா?'. இல்லை, இல்லை, இல்லை என்று அடித்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு 'இல்லை'யும் அவருக்குக் கூடுதல் பணம்.

எட்டாவதோ ஒன்பதாவதோ வரியில் என் கை நின்றுவிட்டது. இதையெல்லாம் வாங்குகிறவர்களுக்கு, ஐந்துதான் போட வேண்டும் என்று தெரியுமா? முதலில் வாங்குகிற சேகரிப்பாளருக்குத் தெரியும். அவருடைய பேரனுக்கு? கோபால் வேலையில் நாங்கள் தினம் அனுபவித்தது இதுதான். நிரலில் ஓட்டை இருக்கும்; அதை அடைக்காமல், 'வெள்ளிக்கிழமை ராத்திரி இந்த வேலையை ஓட்டாதீங்க' என்று ஒருவர் மண்டையில் மட்டும் வைத்திருப்பார். அந்த மனிதர் இருக்கும்வரை அமைப்பு பத்திரமாக ஓடும். அவர் ஓய்வு பெறும்போது நிரல் அடுத்தவருக்குப் போகும், வெள்ளிக்கிழமை போகாது. பெரியவரின் நிலவறையில் இருந்த பதினாறும் பத்திரமாக இருந்தது அவர் இருந்ததால். அந்தக் கவனத்தை எந்தப் பத்தியில் ஏற்றுவது? சுவரோவியக் கதையில் நான் விட்டுவிட்ட வித்தியாசம் இதுதான். ஓவியத்தைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவரிடம் அது போனால் ஓவியத்துக்குத்தான் நஷ்டம்.

குறிப்பு என்ற பத்தியில், 'ஐந்து தோட்டாவுக்கு மேல் நிரப்ப வேண்டாம்' என்று பதினாறு வரியிலும் ஒட்டினேன். ஏலத்துக்கு எடுத்துக்கொண்டவர்களின் பட்டியல் பின்னால் வந்தபோது பார்த்தேன், அந்தப் பத்தி இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டிருப்பார்கள்.

பதினேழாவதுதான் மாற்றப்பட்டது. பிடி தேய்ந்த ஒரு பிளாக்ஹாக், மற்றவற்றோடு சேராமல் கீழ்த்தட்டில் தனியாக இருந்தது. கூட ரூகரின் பழைய கடிதம், 1986 தேதி. மகள் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ எனக்கு நாலு வயசு" என்றார். "இது அவர் கட்டில் பக்கத்து டிராயர்ல இருந்தது. பூட்டுற டிராயர்தான். ஆனா நான் ஒரு தடவை திறந்துட்டேன். எனக்கு ஞாபகமில்லை, அம்மா சொல்லியிருக்காங்க. ஒண்ணும் ஆகலை."

என்னிடம் அவர் இதைச் சொன்னதே இல்லை. அசலைத் தொடக்கூடாது என்று அத்தனை பேசியவர், ஒன்றைப் பெட்டியில் வைத்து அஞ்சலில் அனுப்பி, மாற்றி வாங்கியிருக்கிறார். நான் கோயில் கதை சொன்ன அன்று இதே பெட்டகம் என் முன்னால் திறந்துதான் இருந்தது.

கடிதத்தோடு ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையும் இருந்தது. மகள் அதை என் உள்ளங்கையில் வைத்தார். பழைய பாகங்கள்: குதிரை, விசை, இன்னும் இரண்டு மூன்று சின்ன உருப்படி. அவருடைய சேகரிப்பில் என் கைக்கு வந்தது அது ஒன்றுதான். சாவிக்கொத்து அளவு கனம். குதிரையின் முதுகில் கட்டைவிரல் படுகிற இடம் வெளுத்துத் தேய்ந்திருந்தது.

"இது எதுக்கு?"

சொன்னேன். இந்தப் பை கூட இருந்தால் விலை அதிகம், வாங்குகிறவர் மறுபடி பழையபடி மாற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் குறைவு.

"பழையபடின்னா, கீழ விழுந்தா வெடிக்கிற மாதிரி."

"ஆமா."

"அதுக்கு எக்ஸ்ட்ரா காசு."

"ஆமா."

கொஞ்ச நேரம் ஈரம் உறிஞ்சும் எந்திரத்தின் சத்தம் மட்டும். பிறகு கேட்டார், "நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

இரண்டு வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். அசல் பாகங்கள் வரலாறு, வரலாற்றைக் குப்பையில் போடுவது நம் வேலை இல்லை, என்ன செய்வது என்பது வாங்குகிறவரின் பொறுப்பு. அந்தப் பதில் இப்போதும் முழுக்கப் பொய் இல்லை. மற்ற பதினாறையும் மாற்றாமலேயே விற்கிறோம், ஒரு பையில் என்ன வந்துவிடப் போகிறது என்றும் தோன்றியது. எனக்குத் தெரியலைங்க என்றேன். பையைத் துணிமேல் வைத்தேன். மாற்றப்பட்டதா என்ற பத்தியில் 'ஆம்' என்று அடித்துவிட்டு, அடுத்த பத்தியான 'பழைய பாகங்கள்' என்பதைக் காலியாக விட்டேன்.

ஜூலையில் சென்னை வந்துவிட்டோம். வேளச்சேரி வீட்டில் இணைப்பு வந்த அன்று அந்த ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து பார்த்தேன். பதினேழாவது வரியில், நான் காலியாக விட்ட இடத்தில், 'இல்லை' என்று இருந்தது. உத்தேச விலையையும் அவரே குறைத்துப் போட்டிருந்தார்.